பொதுப் பிரிண்டரில் கவிழ்ந்து கிடந்த கடிதம்

நேற்று மகள் வீட்டுக்கு ஒரு லேசர் பிரிண்டர் வாங்கி வந்தாள். ஒயர் கிடையாது. கூடத்தில் அதை வைத்துவிட்டு, உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் எதையோ தட்டினாள். கூடத்தில் தாள் வந்து விழுந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிப்போய் அதை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "என்னாப்பா, வெறும் டெஸ்ட் பேஜ். அதுல என்னா ரகசியம் இருக்கு?" என்று சிரித்தாள். தாளில் இன்னும் சூடு ஆறவில்லை. லேசாகக் கருகின அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கடலூர் முதுநகர் ஆபீஸ் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, கூடவே நீயும்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இதைக் கையால்தான் எழுதுகிறேன். அந்தப் பிரிண்டர் எதையெதை ஞாபகம் வைத்துக்கொள்ளுமோ, யார் கண்டது. சிரிக்காதே. நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியாதா?

சுனாமி வந்து போன அடுத்த வருஷம் அது. நம் கம்பெனி இறால் தீவனம் விற்றது. கிள்ளைப் பக்கத்துப் பண்ணைகளெல்லாம் கரை உடைந்து கிடந்ததால் வாங்க ஆளில்லை. சிதம்பரம் கிளையை மூடினார்கள். அங்கிருந்த நீ காலை பாசஞ்சரில் எங்கள் ஆபீசுக்கு வர ஆரம்பித்தாய். உனக்கு டெஸ்பாட்ச் வேலை. எனக்கு மேனேஜரின் கடிதங்களை டைப் அடிக்கிற வேலை. வந்த முதல் வாரமே என்னை 'மச்சான்' என்று கூப்பிட்டாய். இவ்வளவு சீக்கிரம் உறவு கொண்டாடுகிறவன் எதற்கோ அடிபோடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அதுவரைக்கும் ஃபிளாப்பியில் கடிதத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு பிரிண்டர் இருக்கிற மேஜைக்கு நடப்போம். எனக்கு அது பிடித்திருந்தது. ஃபிளாப்பி என் சட்டைப் பையில் இருக்கும். ஹெட் ஆபீசிலிருந்து புது லேசர் பிரிண்டர் வந்தபோதுதான் வினை. நாலு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து அது ஒன்றுதானாம். மாட்டிக் கொடுக்க மெட்ராசிலிருந்து ஆள் வர நாளாகும் என்றார்கள். "நான் பண்றேன் சார்" என்று நீ எழுந்து நின்றாய். நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேன்.

நீல ஒயரைச் சுவர் ஓரமாக இழுத்து ஆணியடித்தாய். பிரிண்டரை உன் கம்ப்யூட்டரில் சொருகி, திரையில் எங்கேயோ ஒரு டிக் அடித்தாய். பிரிண்டர் படத்துக்குக் கீழே ஒரு கை வந்தது.

"என்னாடா கை இது?"

"எல்லாரும் எடுத்துக்கலாம்னு அர்த்தம் மச்சான்."

எனக்கென்னவோ அது 'கொடு' என்று நீட்டுகிற கையாகத்தான் தெரிந்தது.

"அப்ப நான் அனுப்புறதெல்லாம் உன் கம்ப்யூட்டர் வழியாத்தான் போவுமா?"

"ஆமா."

"நீ படிக்கலாம்?"

"படிக்கணும்னா நீ தட்டுறப்பவே பின்னாடி நின்னு படிச்சிருப்பேன். அதுக்கு எதுக்குடா நான் வேர்க்க வேர்க்க ஆணி அடிக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மேஜையிலிருந்து பிரிண்டருக்குப் பதினாலு எட்டு வைக்க வேண்டும் என்று அன்றைக்கே அளந்து வைத்துக்கொண்டேன். ரகசியக் கடிதம் என்றால் பிரிண்ட் கொடுத்துவிட்டு ஓடுவேன். உன் மேஜை பிரிண்டரை ஒட்டி இருந்ததால் இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டேன். கடிதம் தயாரானதும், "மச்சான், டீ சொல்லிட்டு வாயேன்" என்பேன். ஸ்டேஷன் எதிரே இருக்கிற கடைக்கு நீ போய்த் திரும்பப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் வேலை முடிந்துவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். நீ ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். ஆட்குறைப்பு. முதல் வரியில் உன் பெயர். மாதக் கடைசி நாளில் கையில் கொடுப்பார்களாம். "அதுவரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. கம்ப்யூட்டர் சமாச்சாரம் பூரா அவன் கையில இருக்குது பாரு" என்றார். உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். என்றாலும் டைப் அடித்தேன். அடித்துவிட்டு எட்டிப் பார்த்து, "மச்சான், டீ சொல்லிட்டு வாயேன்" என்றேன்.

நீ படியிறங்கியதும் பிரிண்ட் கொடுத்தேன். ஓடினேன். தாள் வரவில்லை. பிரிண்டரில் சிவப்பு விளக்கு. தட்டில் பேப்பர் இல்லை! பின்கட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். பூட்டு, சாவி தேடி, பேப்பர் கட்டு எடுத்து, திரும்பி வந்தால் நீ உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். மேஜையில் இரண்டு டீ. பிரிண்டர் மேல் ஒரு தாள் கவிழ்ந்து கிடக்கிறது.

"டிராயர்ல கொஞ்சம் பேப்பர் இருந்துச்சு, போட்டேன். உன்னுது ஒண்ணு வந்துச்சு. கவுத்து வச்சிருக்கேன்" என்றாய். குரலில் ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேஜைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிரிண்டரில் தாள் வருவதே கவிழ்ந்துதான் வரும். அதை யாரும் கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. கவிழ்த்து வைத்தேன் என்கிறவன் ஒரு தடவையாவது நிமிர்த்தியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து உன்னை நான் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நீ போனில் தணிந்து பேசினால் எனக்குக் காது நீளும். ஒருநாள் முந்தின வண்டியில் வந்து எனக்கு முன்னால் ஆபீசில் இருந்தாய். ஏன் என்று யோசித்து மத்தியானம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. நீயாகவே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வரிசையில் மாட்டிக்கொண்ட கடிதத்தை எப்படி நீக்குவது, திரையிலிருந்து பிரிண்டர் காணாமல் போனால் எப்படித் திரும்பச் சேர்ப்பது என்றெல்லாம் காட்டினாய். "உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்டா" என்றாய். இவன் ஏன் இப்போது சொல்லிக்கொடுக்கிறான்? வேறு எங்கேயோ கை வைத்திருக்கிறான், நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக! என் புத்தி அப்படித்தான் போயிற்று.

நீ போய்விட்டால் என் பிழைப்பு என்னாகும் என்ற கவலை வேறு. பிரிண்டரைத் திரும்பச் சேர்க்க அதோடு வந்த சாப்ட்வேர் சிடி வேண்டும், இருந்ததோ ஒன்றே ஒன்று. அது உன் டிராயரில் இருந்தது. எனக்கு ஒரு காப்பி வேண்டும் என்றேன். "இங்க சிடி ரைட்டர் இல்லியே. எங்கூட்டாண்ட நெட் சென்டர் இருக்குது, போட்டுக்கினு வரேன்" என்றாய். "மேனேஜர்கிட்ட சொல்லாதே, ஜாஸ்தி கேள்வி கேப்பாரு" என்றும் நானே சொன்னேன். நீ தலையாட்டினாய். ஆனால் இரண்டு நாள் ஆகியும் மறந்துவிட்டாய், அல்லது மறந்தது போல இருந்தாய் என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் மேனேஜர் அறைக்குள் போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானாகத்தான் போனேன். "அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும்னு தோணுது சார். கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணிட்டுப் போயிடுவானோன்னு பயமா இருக்கு." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை உன்னிடம் வழக்கம்போல, "இன்னும் காப்பி போடலியாடா?" என்று நச்சரித்தேன். "தோ, மறக்காம இப்பவே வச்சிடறேன்" என்று என் கண் முன்னால் சிடியை எடுத்துப் பையில் வைத்தாய்.

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. மேனேஜர் அன்று மூன்று மணிக்கே உன்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். இப்போதே கிளம்பலாம் என்றார். நீ அதைப் படிக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். அதோடு விட்டிருக்கலாம். வாசலில் நிறுத்தி, "பையைக் கொஞ்சம் திறந்து காட்டிட்டுப் போய்யா" என்றார். டிபன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர், துண்டு. அப்புறம் அந்த சிடி.

"இது கம்பெனி சாமான். யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போறே?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவைதான். நான் சுவரில் நீ அடித்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால், ஏன் காப்பி கேட்டாய், அவன் போகப்போவது தெரிந்துதானே கேட்டாய், நீயும் கூட்டா என்று வரும். அடுத்த பட்டியலில் என் பெயர் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இப்படியெல்லாம் கணக்குப் போட எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது.

"மறதியா பையில இருந்துடுச்சு சார். தப்புதான்" என்றாய் நீ. சிடியை மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாய். ஆபீசே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள் ஹெட் ஆபீசுக்கு நான்தான் டைப் அடித்தேன், 'கம்பெனிப் பொருளுடன் பிடிபட்டார்' என்று. கம்ப்யூட்டரில் நீ ஒன்றும் செய்திருக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன்.

நாலு வருஷம் கழித்து ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் வந்தபோது உன்னைத் தேடிக்கொண்டு அண்ணாமலை நகருக்கு வந்தேன். மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருந்தாய். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். "வா மச்சான்" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தாய். கோபமே இல்லாத ஆளைக் கண்டால் எனக்குப் பயம். கடைசியில் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு அந்தத் தாளை நீ படிச்சியா?"

"படிச்சேன். ஆனா படிக்காமயே தெரியும்டா. ரகசியம்னாதானே நீ என்னை டீக்கு அனுப்புவே? ஆபீஸ் பூரா தெரியும்."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் போனே?"

"போவலன்னா நீ பிரிண்டே எடுக்க மாட்டியே. நாள் பூரா தவிப்பே."

சிடியைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்பாய் கேட்பாய் என்று உட்கார்ந்திருந்தேன். நீ கேட்காததால் நானும் சொல்லவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு வரவேயில்லை.

நெஞ்சுவலி என்று சேதி வந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தேன். உன் மனைவி காபி கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றார். "நீங்க அந்த ஆபீஸ்தானே அண்ணே? அவரு கொஞ்சம் மறதிக்காரரு. மறதியில ஒரு சிடி எடுத்துட்டு வரப்போயி பேர் கெட்டுப்போச்சு. எங்கப்பா அதைச் சொல்லியே காட்டுவாரு, ஆபீஸ் சாமானைத் தூக்கிக்கினு வந்த மாப்பிள்ளைன்னு. எந்தப் பண்டிகைக்கு வந்தாலும் அந்தப் பேச்சு வந்துடும். இவரு தலையைக் குனிஞ்சுக்குவாரே தவிர ஒரு வார்த்தை பேச மாட்டாரு" என்றார்.

வீட்டிலும் நீ சொல்லவில்லை. ஏழு வருஷம், மாமனார் வாயில் விழுந்து எழுந்தபோதும் சொல்லவில்லை. நான் அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். "வரேம்மா" என்று எழுந்து வந்தேன்.

டேய், அந்த சிடியை எடுத்துப் போகச் சொன்னது நான். மேனேஜரிடம் போய் உன்னைப் பற்றிச் சொன்னதும் நான். இதை எழுதுவதற்கு உனக்கு உயிர் போக வேண்டியிருந்தது. நாளைக் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏறப் போகிறேன். உன் மாமனாரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம்தான். செத்துப்போன சிநேகிதன் பெயரைக் காப்பாற்ற இவன் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான் என்று அவர்கள் நினைத்துவிட்டால்? நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.