அம்மாவைக் கேட்காமல் கட்டிய காப்பு

ஏப்ரல் 22, ஞாயிறு

காலையிலிருந்தே அனல். நாளை அறிவியல் பரீட்சை, அதோடு ஒன்பதாம் வகுப்பு முடிகிறது. படித்தது: ஒளி வரை. படிக்காதது: அமிலங்கள் முழுவதும்.

அம்மா இன்றும் மண்பானையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு குளிருகிறது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். தை மாதத்திலிருந்து இப்படி. சத்துணவுக் கூடத்தில் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பதால் வரும் சூடு என்கிறார் அப்பா. இன்று ஞாயிறு. அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை.

ஆறு மாதமாக அம்மா தூரமும் ஆகவில்லை. முன்பெல்லாம் மாதம் மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்காருவாள், அப்பா சமைப்பார். (ரசம் மட்டும்.)

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. அப்பா ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார். அதற்கும் அம்மா அழுதாள். "திட்டித் தொலைச்சாலாவது பரவால்ல." அப்பா தலையைச் சொறிந்துகொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் அத்தனை பேர் சண்டையையும் தீர்த்துவைப்பவர், வீட்டுக்குள் வந்தால் பேச்சே வராது. பாயைக்கூட முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். அம்மாவுக்கு ஃபேன் வேண்டும், அவருக்கு ஃபேன் என்றால் தும்மல்.

ஏப்ரல் 24, செவ்வாய்

வெயில். நேற்றுப் பரீட்சையில் அமிலங்கள் காலை வாரிவிட்டன.

ஊரிலிருந்து சித்தப்பா. எங்கள் பங்காளிகள் எல்லோரும் இருப்பது அரியலூர்ப் பக்கம். அங்கே குலசாமிக்குச் சித்திரையில் பொங்கல். கோயிலுக்குள் வைக்கும் சாமிப் பானையை எங்கள் குடும்பத்து மூத்த மருமகள்தான் பொங்க வேண்டும். தூரம் நின்றவளாகவும் இருக்க வேண்டும். இத்தனை வருடம் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. இப்போது அவருக்குக் கண்ணில் புரை. அதனால் இந்த வருடம் அந்த முறை அம்மாவுக்கு.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு அண்ணி. அண்ணந்தான் பங்காளிக் கூட்டத்துலயே சொல்லிட்டாரே."

"என்னா சொன்னாரு?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "அதான்... ஒங்களுக்கு நின்னுபோச்சுன்னு."

அம்மா கையில் காபி டம்ளர். கீழே போடவில்லை, மெதுவாக வைத்தாள். "கூட்டத்துல எத்தன பேரு?"

"நாப்பது பேரு இருப்பாங்க."

சாயங்காலம் அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு மாசமா நீ ஒதுங்கி ஒக்காரலயே புள்ள. அதான் சொன்னேன். பெருமதான?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நாப்பது ஆம்பளைங்க மின்னாடி டிக்கெட் கிழிக்கிற மாதிரி என்னையக் கிழிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அப்பா தோல் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நின்றார்.

ஏப்ரல் 27, வெள்ளி

தண்ணீர் பிடிக்கப் போனோம். செய்தி எங்களுக்கு முன்னாலேயே குழாயடிக்கு வந்திருந்தது.

"குடுத்து வச்சவ நீ. இனிமே சாமி காரியத்துக்கெல்லாம் முன்னாடி நிக்கலாம்."

"அதுக்குள்ளயாக்கா? எனக்கு அம்பது தாண்டியாச்சு, இன்னும் வுட மாட்டேங்குது."

"அப்ப கண்டக்டரு இனிமே பஸ்ஸுலயே படுத்துக்க வேண்டியதுதான்!"

ஒரே சிரிப்பு. அம்மா பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டாள். கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு நாற்பத்தாறுதான்.

"மாட்டேன்னு சொல்லிடேன்மா" என்றேன்.

"ஏன் மாட்டேங்குறான்னு அதுக்கும் ஒரு கூட்டம் போடுவாங்கடி."

மல்லிகைப்பூ வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை வாங்காமல் இருந்ததே இல்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு

ஊர். லேசான மேகம், மழை இல்லை. புருஷன் பொண்டாட்டி இருவருக்குமே காப்புக் கட்டுகிறார்கள். மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள். அடுத்த ஞாயிறு பொங்கல். அதுவரை ஒருவேளைச் சோறு, கறி மீன் கூடாது. ஒருவர் விரதம் கெட்டாலும் இரண்டு காப்பையும் அவிழ்த்துவிட வேண்டுமாம்.

பெரியம்மா அம்மாவின் கையைத் தடவிப் பார்த்தார். "நல்லா நின்னுபோச்சில்ல?" பெரியம்மாவுக்கு அம்மாவின் முகம் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். கூட்டம். அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடியே பெரம்பலூர் வரை.

மே 3, வியாழன்

புழுக்கம். அம்மா துவைக்கிற கல்லருகே சும்மா நின்றாள். பக்கத்தில் போனதும், "வந்துருச்சுடி" என்றாள். அவ்வளவுதான். காப்புக் கயிற்றை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

சொன்னால்: பொய் சொல்லிப் பானையை வாங்கினாள் என்பார்கள். நாற்பது பேரும் மறுபடி உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசுவார்கள்.

சொல்லாவிட்டால்: இந்த உடம்போடு கோயிலுக்குள்ளே. "அது என்னால ஆவாது. பயமா இருக்கு."

மத்தியானம் லைப்ரரிக்குப் போனேன். உடல்நலப் புத்தகம், யாரும் எடுக்காததால் தூசி. ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றதாக அர்த்தம், அதுவரை விட்டு விட்டு வரலாம் என்று இருந்தது. உடல் திகுதிகுவென்று எரிவது, அழுகை, மறதி, எல்லாமே அதில் இருந்தன. ஓடி வந்து சொன்னேன்.

"அப்ப எனக்குக் கிறுக்குப் பிடிக்கல?"

"இல்லம்மா."

"சரி. அந்தப் புஸ்தகத்த நாப்பது பேரும் படிச்சிருக்காங்களாமா?"

அப்பா வந்தார். அம்மா கொல்லைத் தாழ்வாரத்திலிருந்தே, "ஏங்க, தூரம்" என்றாள். அப்பா சொம்புத் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "சாப்ட்டியா?" என்றார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புளி கரைத்தார்.

மே 4, வெள்ளி

இருட்டும் நேரம் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வந்தார்கள். அப்பா டூட்டி முடிந்து நேரே ஊருக்குப் போயிருக்கிறார். மணிக்கட்டில் கயிறு இல்லை. சித்தப்பா செருப்பைக் கழற்றாமலே கத்தினார்.

"அண்ணி, ஒங்க வூட்டுக்காரரு பண்ணுன காரியத்தக் கேளுங்க! காப்புக் கட்டுன கையோட அரியலூர்ல கறிசோறு தின்னுருக்காரு. அதுவும் ரெண்டு பிளேட்டு! இவரே வந்து சொல்றாரு, வெக்கமே இல்லாம. மூஞ்சியில காறித் துப்பாத கொறதான். ஒரு வாரம் வாயக் கட்டத் தெரியல, இவருல்லாம் ஒரு ஆம்பள."

அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க காப்பையும் அவுத்துருங்க அண்ணி. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. பெரியண்ணியே இந்த வருசமும் பொங்கட்டும்."

கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "சரிங்க தம்பி" என்றாள்.

சித்தப்பா போய்விட்டார். காலையில் அப்பா எடுத்துக்கொண்டு போன தயிர்சாதத் தூக்கை நான்தான் கழுவினேன். வழித்துச் சாப்பிட்டிருந்தார்.

"ரெண்டு பிளேட்டா?" அம்மாவின் குரல்.

"ஒண்ணுன்னு சொன்னா நம்ப மாட்டானுவ."

அம்மா சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், உடனே அந்த அனலும் வந்துவிட்டது. அப்பா பனை விசிறியோடு போய்க் கொல்லைப் படியில் உட்கார்ந்தார். தூரத்திலிருந்தே விசிறினார். காற்று பாதிதான் போயிருக்கும்.

மே 6, ஞாயிறு

நல்ல வெயில், ஊரில் பொங்கல். நானும் அப்பாவும் மட்டும். அம்மா வீட்டில், காலையில்தான் தலைக்குக் குளித்தாள். மேலுக்கு முடியவில்லை என்று சொல்லச் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

பெரியம்மா தடவித் தடவிப் பொங்கினார். அடிபிடித்துவிட்டது. தீய்ந்த வாசனையோடு எல்லோரும் கும்பிட்டோம்.

பந்தியில் அப்பாவை ஒருவரும் சும்மா விடவில்லை. "ஏம்ப்பா கண்டக்டரு, எலையில கறி இல்லயேன்னு எந்திரிச்சுப் போயிராத." அப்பாவும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

சித்தப்பா எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "சரி, அடுத்த வருசம் அண்ணிதான? இப்பவே சொல்லிப்புடுங்க."

"அவளக் கேளு."

"அதான் ஒங்களக் கேக்குறோம்ல."

"என்னையக் கேட்டா எனக்கு எப்படிடா தெரியும்? வூட்டுக்கு வந்து அவளக் கேளு. அவ சரின்னாதான் சரி."

யாரோ "அட" என்றார்கள். அப்பா ரசம் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒப்பித்தேன், ஒரு வார்த்தை விடாமல். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்படியா சொன்னாரு? எல்லாரும் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல்:

"முன்னறையில கெடக்குற அவரு பாய எடுத்தாந்து உள்ளாற போடு. ஃபேன அவரு பக்கம் திருப்பி வச்சிராத, தும்முவாரு."