அன்ரனின் பெயருக்கு முன்னால்

"ரீச்சர், ஏதோவொரு நட்சத்திரத்திலை ஆரும் இருந்து எங்களைப் பாத்தால், என்ரை பெடியன் இப்ப தெரிவானோ?"

ஆசிரியர் அறையில் நீங்கள் என்னிடம் கேட்டது. நீங்கள் ஆங்கிலம் படிப்பித்தீர்கள், நான் விஞ்ஞானம். இன்று காலை அச்சகத்திலிருந்து உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் புரூவ் தாள்கள் பிழைதிருத்த வந்தன. மை வாசம் போகாத தாள்களை மேசையில் விரித்தபோது, சேர், உங்கள் முகம் நினைவுக்கு வரமுன்னே இந்தக் கேள்விதான் வந்தது.

அன்றைக்கு நான் வழக்கம்போல உதாரணத்தோடு தொடங்கினேன். வங்காலைக் கரையில், தூரத்தில் ஒருவர் வள்ளத்துக்கு ஆணி அடிக்கிறார் என்று வையுங்கோ. சுத்தியல் விழுவது முதலில் தெரியும், சத்தம் பிந்தி வரும். ஒளிக்கும் வந்து சேர நேரம் வேண்டும். போதுமான தூரத்தில் நிற்பவருக்கு, உங்கள் மகன் அன்ரன் ரியூசனுக்குச் சைக்கிள் எடுத்த காலைதான் இப்போது தெரியும். சொல்லி முடித்த பிறகுதான், யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அவன் திரும்பி வராத காலை அது என்பது எனக்கு உறைத்தது. நீங்கள் கோபிக்கவில்லை. "அப்ப அது இன்னும் அழியேல்லை" என்றீர்கள்.

கொழும்பின் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கிய ஆங்கில விஞ்ஞானக் கதைகளைப் பேசாலை பஸ்ஸில் நின்றபடியே வாசித்தவர் நீங்கள். அன்றுதான் எழுதத் தொடங்கினீர்கள். உங்கள் நாவலில் ஒரு கப்பல் அந்தக் காலையின் ஒளியைத் துரத்திக்கொண்டு போகிறது, அன்ரனை ஏற்றிய வாகனத்துக்குள் யார் இருந்தார்கள் என்று பார்க்க.

"ஒளியை முந்தேலாது, சேர்."

"பிழையெண்டு சிவப்புப் பேனையாலை கீறுங்கோ. கப்பலை மட்டும் மறிக்காதேங்கோ."

வெளியீட்டு விழா மன்னார் நகரில், பங்கு மண்டபத்தில் நடந்தது. "தண்ணி கொண்டுவாற பவுசர் லொறிக்கு வாளியோடை நிக்கிற ஊரிலை, எங்கடை சேர் விண்வெளிக்குப் போறார்" என்று ஆய்வுரை செய்தவர் நக்கலடித்தார். சனம் சிரித்தது. "பவுசர் சொன்ன நேரத்துக்கு வருமெண்டு எழுதினால் ஒருத்தரும் நம்பமாட்டினம். அதுதான் இதை எழுதினனான்" என்றீர்கள் ஏற்புரையில். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "கடைசியிலை பிள்ளையைக் கொண்டுபோனது ஆரெண்டு சொல்லேல்லையே?" நீங்கள் சொன்னீர்கள்: "வாகனக் கதவு திறக்கிற இடத்திலை நிப்பாட்டீட்டன். அங்காலை எழுத எனக்குத் தெரியாது."

மகனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று வீட்டுக்கு வந்த உத்தியோகத்தரிடம் நீங்கள் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். "நான் கற்பனை எழுதிறனான்தான், தம்பி. பொய்யிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

அந்தக் கையெழுத்தை வைக்காமலேயே நீங்கள் போய்விட்டீர்கள். மலரின் முதல் பக்கம், எங்கள் வழக்கப்படி, உறவுகளை வரிசையாகச் சொல்கிறது. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். அதில் "காலஞ்சென்ற அன்ரனின் அன்புத் தந்தை" என்று இருந்தது. மலரைத் தொகுத்த இலக்கிய வட்டத்துப் பிள்ளைகள் பழக்கதோசத்தில் போட்டுவிட்டார்கள் என்றெண்ணி, தாளோடு உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மனைவி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நான்தான் போடச் சொன்னனான், ரீச்சர்."

"சேர் இதுக்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளேல்லையே."

"அவர் இருக்குமட்டும் நானும் அவரோடை சேர்ந்து அவன் வருவானெண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப அவர் போன இடத்திலை பிள்ளையும் நிக்கிறான் எண்டு நினைச்சால்தான் எனக்கு மூச்சு வருது. அவன் இஞ்சை எங்கையும் இருக்கிறானெண்டால், இவர் அங்கை தனியவெல்லோ."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்தச் சொல்லை நான் வெட்டவில்லை, சேர். நீங்கள் இருந்தால் என்னோடு கதைக்காமல் விட்டிருப்பீர்கள். எழும்பவும் மனமில்லாமல், அன்ரனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டேன்.

உங்கள் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "சுறா வறை. சட்டியிலை ஒட்டினதைச் சுரண்டத் தகப்பனும் மகனும் சண்டை." வெயில் தாழும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரிகள் வந்தார்கள், பத்திரிகைக்காரர் வந்தார்கள், நாங்களும் எத்தனை தரம் போனோம். யாரும் இதைக் கேட்டதில்லையாம்.

உங்கள் மறுப்பையும் அவரின் சொல்லையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு திரும்பினேன். இரண்டும் இன்னும் பொருந்தவில்லை. இரண்டையும் கீழே வைக்கவும் முடியவில்லை.

இந்த மடல் மலரின் கடைசிப் பக்கத்தில் வரும். வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவிலும் இப்படியொரு வீடு இருக்கும். போய் உட்காருங்கள். இருக்கிறானா, இல்லையா என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேளுங்கள்.