நாற்பத்தொரு உருகுநிலை அளவுகளை மறுபடி சரிபார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நெ. பேராச்சி,
பதினோராம் வகுப்பு,
தாராவி, பம்பாய்-17.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சிக் குழு,
மாட்டுங்கா, பம்பாய்-19.

பொருள்: அயோடைடு உப்புகளின் உருகுநிலை வரைபடம் பொய்யென்று தள்ளப்பட்டது குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், எனக்கு எதிரானதையும் சேர்த்து, உண்மையாகவே எழுதுகிறேன்.

1. எங்கள் அறிவியல் ஆசிரியர் திரு. வெங்கடேஸ்வரன் வெள்ளீய அயோடைடு, ஆன்டிமனி அயோடைடு என்னும் இரண்டு உப்புகளைத் தந்தார். அவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, ஒவ்வொரு கலவையும் எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று அளந்து வரைபடம் போட்டேன். கலவைகள் தனி உப்புகளைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகின. ஓரிடத்தில் கோடு மிகவும் தாழ்ந்து மறுபடி ஏறியது. அதைக் கண்ட மாலையில், சொல்வதற்கு அறையில் ஆள் இல்லை.

2. எங்கள் பள்ளியில் செய்முறைக்கு இருவர் சேர்வது வழக்கம். ஒருவர் வெப்பமானியைப் பார்த்து உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். என் கூட்டாளி ராஜலக்ஷ்மி ஜூலை முதல் வாரம் முலுண்டுக்குக் குடிபோய்ப் பள்ளி மாறிவிட்டாள். வகுப்பில் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனதால் எனக்கு வேறு கூட்டாளி அமையவில்லை. நானே பார்த்தேன். வழக்கத்தை விடாமல் உரக்கச் சொன்னேன். பிறகு நானே எழுதினேன்.

3. கையொப்பக் கட்டம் காலியாக இருந்தால் பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து நாற்பத்தொரு அளவுகளுக்கும் "ரா.ல." என்று நானே போட்டேன். இது என் தவறு. தங்கள் குழு விசாரித்தபோது ராஜலக்ஷ்மி, தான் அங்கு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது உண்மை. அப்போது அவள் என்னைப் பற்றி வேறு ஏதாவது விசாரித்தாளா என்பது இம்மனுவுக்குச் சம்பந்தமில்லாதது.

4. கையொப்பம் பொய், அளவுகள் பொய்யல்ல. மழையில் ஈரம் பிடித்த உப்பு மூன்று டிகிரி குறைவாக உருகியதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நான் தினமும் ஆறு மணிவரை இருந்ததற்கு ஆய்வக உதவியாளர் திரு. காசிம் சாட்சி. "யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருக்க? டயம் ஆச்சு, தாலா போடணும்" என்று, கையில் பூட்டோடு வந்து, அவர் பலமுறை சொன்னதுண்டு. ஆனால் வெப்பமானியை அவர் பார்த்ததில்லை.

5. நான் பரிசு கேட்கவில்லை. ஒரே ஒரு மாலை யாரையாவது அனுப்ப வேண்டுகிறேன். கலவையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். பக்கத்தில் அமர்ந்து, நான் சொல்வதை எழுதினால் போதும். அளவு மாறினால் தங்கள் முடிவை ஏற்கிறேன். ஆள் அனுப்ப இயலாவிட்டால், அந்த நாற்பத்தொரு கட்டங்களிலும் "உடன் யாருமில்லை" என்று திருத்தி எழுத அனுமதித்து, வரைபடத்தை ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன்.

இடம்: தாராவி
நாள்: 12.9.1966

தங்கள் பணிவுள்ள,
நெ. பேராச்சி

குறிப்பு: கடைசி வரிகளில் எழுத்து கோணியிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். ஆய்வகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.