ஃபேனை நிறுத்து, பாட்டு கேட்கணும்

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கே அனல். தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊறப்போட்டது அப்படியே.

புது ஸ்பீக்கர் வந்து இன்றோடு எட்டு நாள். ஆவடியில் தணிகை என்பவர் வீட்டிலேயே செய்து விற்பது. மரப்பெட்டி இரண்டு, என் இடுப்பு உயரம். ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது ஜோடி. முதல் இரண்டும் ‘சத்தம் மந்தம்’ என்று கைமாறிவிட்டன.

மதியம் டெஸ்ட். ஹாலில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது. ஃபேன் ஓடினால் பாட்டில் உள்ள நுணுக்கம் போய்விடுமாம். திருவேற்காட்டில், ஜூன் மாதத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில்! என் வீட்டுக்காரர் சோபாவின் நடுவில். நானும் அனுவும் பக்கத்துக்கு ஒருவராகத் தரையில். நடு இடம் இவருக்கு மட்டும். அங்கே உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் சரியாக நடுவில் நின்று பாடுவாராம். எங்களுக்கு அவர் எங்கே நின்றால் என்ன.

இரண்டு ஒயரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்.

"முதலா, ரெண்டாவதா? யோசிக்காம சொல்லு."

"ரெண்டாவது."

"ஏன்?"

"அதோட முடிஞ்சிடும்ல."

அனு சிரித்துவிட்டாள். முறைத்தார். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு ஒரு மணி நேரம் போச்சு, வியர்வையில் சட்டை ஒட்டிப்போச்சு.

ஹாலில் எனக்குத் தடை:
– ஸ்பீக்கர் மேல் எதையும் வைப்பது. சாவிக்கொத்து கூட.
– அதைத் துடைப்பது. (அவரே துடைப்பார். துடைத்ததே இல்லை.)
– எதிர்ச்சுவரில் எங்கள் கல்யாண போட்டோ. கண்ணாடியில் சத்தம் பட்டுத் தெறிக்குமாம். அது இப்போது பீரோவுக்குப் பின்னால்.
– பாட்டு ஓடும்போது மிக்ஸி.
– பாட்டு ஓடும்போது ‘சாப்பிட வாங்க’.

இட்லி மாவு புளித்துவிட்டது. நாளை ஊத்தப்பம்.

ஜூன் 10, செவ்வாய்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எஸ்டேட் சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் செக்கிங். கண் எரிச்சல். தையல் விட்ட சட்டையைத் திருப்பி அனுப்பினால் தைத்தவள் முறைக்கிறாள். முறைக்கட்டும். விட்டிருந்தால் விட்டிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போனை நீட்டினார். ஸ்பீக்கர் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் இவருக்குப் பெயர் ‘தங்கக்காது’. தீர்ப்பு எழுதியாகிவிட்டது: ‘மேல் சத்தம் சுத்தமாக இல்லை. ஜால்ரா பக்கத்துத் தெருவில் அடிப்பது போல் இருக்கிறது. தணிகை மட்டமான ட்வீட்டரைப் போட்டுத் தலையில் கட்டுகிறார். வாங்கி ஏமாறாதீர்கள்.’

ட்வீட்டர் என்றால் பெட்டியின் உச்சியில் இருக்கிற சின்ன வட்டம். கீச்சுச் சத்தமெல்லாம் அதிலிருந்து. இந்தக் கண்றாவி எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

கீழே நாற்பது பேர் கைகூப்பு. ‘அண்ணன் சொன்னா அப்பீலே இல்ல.’

அனு சமையலறைக்கு வந்து காதோடு சொன்னாள்: "அம்மா, பாட்டுல ‘ஸ்’ வந்தாலே பல்லு கூசுது. அப்பா இல்லன்றாரு."

பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழ் கடைசி வரை திருகியிருந்தது.

ஜூன் 11, புதன்

அனு டியூஷன். இவர் இன்று மட்டும் இரண்டாம் ஷிப்ட். ஹாலில் ஃபேன் போட்டு, ஜன்னல் திறந்து, நடு சோபாவில் நான். இங்கே உட்கார்ந்து எழுதுவதே ஒரு சுகம்.

எழுதிவிடுகிறேன். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. இவர் காதில்தான்.

போன தீபாவளியிலிருந்தே எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாமல் அதன் மேலேயே சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அது கீ கீ என்று கத்திக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம். வேண்டுமென்றே சும்மா நின்று பார்த்தேன். இவருக்கு ஒன்றுமே இல்லை. அதன் பிறகு கவனித்தால் எல்லாமே அப்படித்தான். காலிங் பெல் குருவிச் சத்தம் கேட்பதில்லை. அனு வேகமாகப் பேசினால் பாதி போய்விடுகிறது. ‘ஏன் முழுங்கிப் பேசற’ என்று அவளைத் திட்டுகிறார்.

இருபத்திரண்டு வருடம் பவர் பிரஸ் பக்கத்தில் நின்ற காது. அதைத்தான் இவர் சொத்தாக நினைக்கிறார். தகடு வெட்டுகிற சத்தத்தைக் கேட்டே ‘டை மழுங்கிடுச்சு, கழட்டு’ என்பாராம். கழற்றிப் பார்த்தால் அந்த வெட்டு அச்சு மழுங்கியிருக்குமாம். கம்பெனி கொடுத்த காதடைப்பான் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. அதைப் போட்டால் டை பேசுவது கேட்காதாம். புதிதாகச் சேர்ந்தவன் போட்டால் கேலி வேறு.

சொல்லியிருக்கலாம். முதலில் பயம். சொன்னால் என்மேல் பாய்வார். அப்புறம், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான புதிதில் அடுப்படியில் பாடிக்கொண்டிருந்தேன். ‘சுதியே இல்ல, நிறுத்து’ என்றார், மாமியார் எதிரில். அன்றோடு நிறுத்தியவள்தான். இப்போது தங்கக்காது செவிடு. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக என்னென்னவோ திட்டுகிறேன். எட்டு மாதமாக. எவ்வளவு நிம்மதி தெரியுமா.

வாங்க: பெருங்காயம், அனு கணக்கு நோட்டு, கேஸ் லைட்டர்.

ஜூன் 12, வியாழன்

மாலை எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன். தணிகை. ஸ்பீக்கர் இறக்க வந்தபோது என் நம்பரும் வாங்கியிருந்தார்.

"அண்ணி, அண்ணன் போன எடுக்க மாட்றாரு. இன்னா அண்ணி இப்டி எய்திட்டாரு? மூணு பேரு ஆர்டர் வாணாம்னுட்டான். செஞ்ச பொட்டி ஊட்டாண்ட அப்டியே நிக்கிது."

"அவர்கிட்டயே பேசுங்க."

"ஞாயித்துக்கெயம வரேன் அண்ணி. அண்ணன் எதிர்லயே ஓட்டிக் காட்றேன். கொற கீதுன்னா தூக்கினு போய்டறேன். அதோட இந்தத் தொழிலயே வுட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, உங்க காதுக்கு எப்டி கீது?"

"பஸ் வந்துடுச்சு, வைக்கிறேன்."

பஸ் வரவில்லை. இன்னும் இருபது நிமிடம் நின்றேன்.

அந்த ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். பெட்டி இறக்கிய அன்று ஒரு டம்ளர் மோர் கொடுத்ததற்கு மூன்று தடவை நன்றி சொன்னார். இவர் விரல் தட்டிய நேரத்தில் அவர் சோற்றில் மண். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நினைத்தாலே எரிச்சல். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எல்லார் மேலும்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் இடி, நாலு தூறல், பிறகு முன்னைவிடப் புழுக்கம். கரண்ட் ஒரு மணி நேரம் இல்லை. பாட்டும் இல்லை. வாழ்க மின்வாரியம்.

"ஞாயித்துக்கிழமை வரானாம். வரட்டும். நீதான் சாட்சி."

"நான் எதுக்குங்க?"

"என்ன முணுமுணுக்கற? வாயத் தொறந்து பேசு."

திறந்துதான் பேசினேன். மறுபடி கத்தினேன்: "நான் எதுக்குன்னு கேட்டேன்!"

"நீ செக்கிங்ல இருக்கறவ. ஒனக்குப் பொய் சொல்ல வராது. நீ சொன்னா அவன் வாயடைச்சுப் போவான்."

பத்தொன்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் இதற்காக.

ஜூன் 15, ஞாயிறு

தணிகை பதினோரு மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் ஈரம். தண்ணீர் கொடுத்தேன். ஃபேன் போட்டேன். இவர் நிறுத்தினார்.

தணிகை தன் போனை ஆம்ப்ளிஃபையரில் செருகினார். பாட்டு இல்லை. வெறும் ‘ஊ’ என்ற சத்தம். போனில் தெரியும் நம்பர் ஏற ஏறச் சத்தம் மெலிந்து கூர்மையாகிக்கொண்டே போகும்.

"ஆயிரம். கேக்குதாண்ணா?"

"கேக்குது."

"மூவாயிரம்."

"ம்."

"நாலாயிரம்."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "கொறைஞ்சிடுச்சு பார். இங்கதான் உன் சரக்கு படுக்குது."

"ஆறாயிரம்ண்ணா."

"ஒண்ணும் இல்ல."

"அண்ணா, ஓடினு கீதுண்ணா."

"எங்க ஓடுது? உன் ஊட்டுல ஓடுதா?"

எட்டாயிரம் வைத்தார் தணிகை. ஊசியாகக் குத்துகிறது. அனு அறை வாசலில் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நிற்கிறாள். இவர் நடு சோபாவில் கால்மேல் கால் போட்டு, ஜெயித்த முகத்தோடு, "வசந்தி, நீயே சொல்லு. ஏதாவது கேக்குதா?"

இந்த ஒரு நிமிடத்தை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு இனிப்பாக இருக்கும். ‘கேக்கல’ என்று சொல்லிவிட்டால் இவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். தணிகை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். என்னால் முடியவில்லை.

"கேக்குதுங்க."

"என்னது?"

"கேக்குது. காது குத்துது. அனுவப் பாருங்க."

இவர் அனுவைப் பார்த்தார். அவள் சட்டென்று விரலை எடுத்தாள். எடுத்ததும் முகம் சுளித்தாள். அதையும் பார்த்தார்.

"எல்லாம் சேந்துக்கினீங்களா?" என்று சிரித்தார்.

தணிகை சத்தத்தை நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. சண்டை போட்டிருக்கலாம், நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். செய்யவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டே தணிந்த குரலில், "இருக்கட்டும்ண்ணா. பொட்டில எதுனா கொற இருக்கும். வேற ட்வீட்டர் போட்டு எட்த்தாரேன்" என்றார்.

அந்த இரக்கம்தான் இவரை அடித்துப்போட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சமும் இனிக்கவில்லை.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோழிக் குழம்பு அப்படியே.

ஜூன் 16, திங்கள்

பேச்சு இல்லை. ஸ்பீக்கர் ஓடவில்லை. ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறது. அனு நோட்டுகளை ஸ்பீக்கர் மேல் அடுக்கி வைத்தாள். வேண்டுமென்றேதான். இவர் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதைத்தானே கேட்டேன். பிறகு ஏன் இவ்வளவு ஆத்திரமாக வருகிறது? திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படி உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது. தட்டை நங்கென்று வைத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சர்க்கரை தீர்ந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

கம்பெனியில் என் டேபிளிலிருந்து இரண்டு பழுதுச் சட்டை தப்பிப் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் வசவு. என் வாழ்க்கையில் முதல் தடவை.

இவர் இரவுச் சோறு வேண்டாம் என்றார். நான் ‘சரி’ என்றேன். கெஞ்சவில்லை.

ஜூன் 18, புதன்

மேகமூட்டம். காற்று இல்லை.

சீக்கிரம் வந்துவிட்டார். லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போயிருக்கிறார், தனியாக. ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கட்டம் போட்ட தாள். காதுக்கு ஒன்றாக இரண்டு கோடு. பாதி வரை நேராக வந்து, மூவாயிரத்துக்குப் பிறகு இரண்டும் சரிந்து அடிக்குப் போகின்றன. போனது திரும்பாதாம். இனி காதில் மிஷின் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பிரஸ் பக்கத்தில் நிற்கவே கூடாதாம். டையைக் காதால் பார்க்கிற மனுஷன் இனி கம்பெனியில் என்ன செய்வார்?

குரூப்பில் எழுதிவிட்டாராம். போனைத் தள்ளினார். ‘தணிகை ஸ்பீக்கர் பற்றி நான் எழுதியது தவறு. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. தவறு என்னுடையது.’ கீழே முதல் பதில்: ‘எவ்ளோ வாங்கினீங்கண்ணா?’ அதற்குப் பதினெட்டு சிரிப்பு. கைகூப்பிய அதே ஆட்கள். அவர்களை வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும் போல் இருந்தது. இவருக்காக எனக்குக் கோபம் வந்து எத்தனை வருடம்.

நான் எழுந்து ரசத்துக்குத் தாளிக்கப் போனேன். பின்னாலேயே வந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார்.

"டாக்டர் ஒண்ணு சொன்னார். ஆறேழு மாசம் முன்னாடி வந்து, காதுக்கு அடைப்பு போட்டு, பிரஸ்ஸ விட்டுத் தள்ளி நின்னிருந்தா, இவ்ளோ போயிருக்காதாம். இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாமாம்."

கடுகு வெடித்தது.

"அன்னிக்கு நீ உடனே சொன்ன, கேக்குதுன்னு. ஆச்சரியமே படல. ஒனக்கு எப்பத் தெரியும், வசந்தி?"

அடுப்பைப் பார்த்தபடியே, "தீபாவளிலேர்ந்து" என்றேன்.

"கேக்கல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு."

அடுப்பை அணைத்தேன். திரும்பினேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.