குமரேசா, உன் ‘எடு’ கட்டளை முடிந்துவிட்டது

என் அருமைக் கொழுந்தனாரே, குமரேசா,

கடிதம் என்றதும் பயப்படாதே. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன், கொம்பும் காலும் இடம் மாறித்தான் கிடக்கும். உன்னோடு வேலை பார்த்தவர்கள், வீட்டிலிருந்து யாராவது உன்னைப் பற்றி எழுதிக் கொடுங்கள், எல்லாரும் படிக்கிற பக்கத்தில் போடுகிறோம் என்று கேட்டார்கள். உன் அண்ணன் பேனாவைக் கண்டதும் தோசைக்கல் பக்கம் ஓடிவிட்டார். “நீங்க எழுதுங்கக்கா, அவுகளை நீங்கதான் நல்லாத் திட்டுவீக” என்றாள் ஜெயந்தி. உன் பெண்டாட்டியே உத்தரவு கொடுத்த பிறகு எனக்கென்ன?

சாரல் ஆரம்பித்துவிட்டது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டம் மேலகரத்தில் நம் மெஸ்ஸைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டுகிறது. நாற்காலியெல்லாம் ஈரம். நீ மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, கூட்டம் எப்படி என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

உன் வேலையைப் பற்றி நான் எழுதினால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். பரவாயில்லை, அடித்துக்கொள். டேட்டாபேஸ் என்பது உலகத்து விவரத்தையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிற இடம், கேள்வி கேட்டால் பதில் தரும் என்று சொல்லியிருக்கிறாய். கேட்பதற்கு ஒரு கறுப்புத் திரை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஊரே போனில் கலர் கலராகப் படம் பார்க்கும்போது, கரும்பலகையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவனுக்கா பெண் கொடுத்தார்கள் என்று ஜெயந்தி காதுபடவே சொல்லியிருக்கிறேன். அதுவும் ஆபீஸ் வேலை முடிந்த பிறகு, சம்பளமில்லாமல், முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து, உலகத்துக்கே சும்மா கொடுக்கிற வேலை. உன்னைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வேன்?

ஒரு கேள்வியை அனுப்பி, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்து, அப்புறம் அடுத்ததைக் கேட்பது என்றால், தூரத்திலிருக்கிற மிஷினுக்குப் போக வரவே நேரம் சரியாகிவிடுமாம். அதனால் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டு, பதில்களைப் பிறகு வாங்கிக்கொள்ள வழி உண்டாம். அந்தக் கறுப்புத் திரையில் உட்கார்ந்தபடியே அதைச் செய்ய என்னென்ன கட்டளை வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், எது முதலில், எது பிறகு என்று யோசித்ததுதான் உன் கடைசி வருஷம். தொடங்கு, அனுப்பு, இதோடு ஒரு கோடு போடு, பதிலை எடு, மூடு. எல்லாம் இங்கிலீஷில்தான், எனக்காகத் தமிழில் சொன்னாய்.

இதற்காகவே கல்லாப் பக்கத்து மேஜையில் டீயை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தாய். நான் மேஜை மேஜையாகக் கேட்டு, நிற்காமல் உள்ளே குரல் கொடுப்பேன். உன் அண்ணன் கேட்ட வரிசையிலேயே சுட்டு அனுப்புவார். “உங்களுக்கு அண்ணன் தானாக் கொண்டாந்து குடுத்திருவாக மைனி. மிஷின்கிட்ட எடுன்னு சொன்னாத்தான் குடுக்கும்” என்றாய். நடுவில் ஒரு கேள்வி தப்பாகிவிட்டால் பின்னால் நிற்கிறதையெல்லாம் மிஷின் ஓரமாகத் தள்ளிவிடும் என்றும் சொன்னாய். எனக்குப் பொறுக்கவில்லை. “பூரி மாவு தீந்து போச்சுன்னா, பின்னால நிக்குற இட்லிக்காரன் என்னலே பாவம் செஞ்சான்?” என்றேன். நீ சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “அதுக்குத்தான் மைனி கோடு. கோட்டுக்கு அங்கன நிக்குறவன் பிழைச்சுக்குவான்.”

எல்லாம் சரியாக வந்து, ஒன்றில் மட்டும் நின்றுபோனாய். பதில் எதுவும் வர வேண்டியிராத நேரத்தில் ஒருவன் ‘எடு’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நீ எழுதியிருந்தபடி, வராத பதிலுக்காகத் திரை உறைந்துபோய் நின்றது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதைக் கேட்டு எழுதியிருந்தார். காத்திருக்க விடலாமா, சத்தம் காட்டாமல் இருந்துவிடலாமா என்று ஜெயந்தியும் நீயும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சண்டை போட்டீர்கள். நாளைக்குப் பதில் எழுதுகிறேன் என்றாய். விடிந்ததும் பல் தேய்க்கப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாய். இத்தனைக்கும் அவசரமில்லாத ஆள் நீ. அன்றைக்கு மட்டும் என்ன அவசரம்?

பிறகு ஜெயந்தி உன் மிஷினைத் திறக்கவேயில்லை. அவளும் அதே படிப்பு, நீ எழுத எழுத அதைச் சோதித்துப் பார்த்தவளே அவள்தான். ஆனாலும் தொடவில்லை. துணி மடித்தாள், காய் நறுக்கினாள், நான் கேலி செய்தால் உதட்டளவில் சிரித்தாள். பசியே கிடையாது. உன் கூட்டாளிகளிடமிருந்து தகவல் வந்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் உன் கட்டளைகளைச் சேர்க்க முடியாது, யாராலும் முடியாவிட்டால் மொத்தத்தையும் ஒதுக்கி வைத்துவிட வேண்டியதுதான் என்று தன்மையாகத்தான் எழுதியிருந்தார்கள். போனை என்னிடம் காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். உன் ஒரு வருஷம் அந்த மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்ததெல்லாம் தாளிப்பதுதான்.

இனி நான் செய்த காரியத்தைக் கேள். போன வாரம் மத்தியானம், கடைசி மேஜை எழுந்துவிட்டது. நமக்கென்று தேங்காய்ப்பால் சொதி எடுத்து வைத்துவிட்டு, எப்போதும் போல மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்.

“ஏ குமரேசா, சொதி ஆறுது, வாலே.”

வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உன் அண்ணன் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவேன்? படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வந்துவிடுவாய் என்றா நின்றேன்? தெரியவில்லை.

மேலேயிருந்து ஜெயந்தி குரல் வந்தது.

“அவுக இல்லக்கா. நான் வாரேன்.”

அழுகைக் குரல் இல்லை. கரண்ட் இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கரண்டி மறுபடி அசைந்தது. நானும் திரும்பி இலையைப் போட்டேன். இறங்கி வந்து உட்கார்ந்தாள். இரண்டாந்தரம் சொதி கேட்டு வாங்கினாள், குமரேசா. நீ போனதற்கப்புறம் அவள் கேட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கை கழுவிவிட்டு நேரே மேலே போய் உன் மிஷினைத் திறந்தாள். டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். வர வேண்டியது எதுவும் இல்லாதபோது ஒருவன் ‘எடு’ என்றால், எடுக்க ஒன்றுமில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு, அடுத்த கட்டளைக்கு உடனே இடம் கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

“எதுக்குட்டி அந்த வரி? பேசாம இருந்தா அவனாத் தெரிஞ்சுக்க மாட்டானா?”

“பேசாம இருந்தா, இப்ப வரும், அப்ப வரும்னு உக்காந்தே இருப்பாங்கக்கா.”

டீ ஆறுவதற்குள் குடி என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுப் பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்களாம். உன் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. எந்தெந்த ஊரிலோ கறுப்புத் திரையை முறைக்கிற உன்னை மாதிரி ஆட்களெல்லாம் இனி உன் கட்டளைகளைத் தட்டுவார்கள். எல்லாருக்கும் பெண் கிடைத்திருக்குமா என்றுதான் எனக்குக் கவலை. உன் அண்ணனிடம் சொன்னதற்கு, “சரி” என்றார். அப்புறம் கல்லில் ஒரு நெய்த் தோசை ஊற்றி ஜெயந்திக்கு அனுப்பினார். அவள் கேட்கவேயில்லை.

இனிமேல் படியில் நின்று உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், குமரேசா. வாயில் வந்தால் கூப்பிடத்தான் செய்வேன். மேலேயிருந்து ஒருத்தி பதில் சொல்வாள். சொன்னதும் நான் அங்கேயே நிற்காமல் இலை போடப் போவேன். இது சத்தியம்.

மேலகரம் மெஸ்ஸிலிருந்து,
உன்னைத் திட்டுவதற்கென்றே இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த
உன் மைனி பேச்சியம்மாள்