இரண்டு விரலுக்கு அப்பால்

போர்த்மடாக்
14 மார்ச் 1993

அன்புள்ள மாரெட்,

நான் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி எலினும் பாட்டகோனியக் காற்றில் பறந்துவிடாமல் தரையில் கால் ஊன்றி இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று இதிலும் வருந்தியிருக்கிறாய், இது நான்காவது முறை. பிறந்து எட்டு நாளான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ கடல் தாண்டி வந்திருந்தால் அவள் பெட்டிக்குள்ளிருந்தே திட்டியிருப்பாள், அதுவும் போதகர் ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது. எனவே ஐந்தாவது கடிதத்தில் வேறு ஏதாவது எழுது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஒல்வென் சித்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முதியவர்களுக்கென்று கட்டியிருக்கும் வரிசையில் தரைத்தளத்தில் ஓர் அறை. படி இல்லை, மாடி இல்லை, பக்கத்து அறைக்காரர் தும்மினால் இங்கே நான் ஆசி சொல்ல வேண்டும், மற்றபடி குறையில்லை. மாடி அறையில் இருந்த பொம்மை ரயில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான்ட்லாஸ் குறும்பாதை என்று ஓர் இருப்புப்பாதை உலகத்தில் எங்கும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் அதற்கு முப்பத்தொரு வருடம் நானே பொது மேலாளர். பின்பக்க மாடி அறையில் சுவரை ஒட்டி இருபத்திரண்டு அடி. அதை வெளியே எடுக்கலாம் என்று பிப்ரவரியில் கெத்தினைக் கூப்பிட்டபோதுதான், அது அந்த அறைக் கதவைவிட ஒன்றேகால் அடி கூடுதல் அகலம் என்று தெரிந்தது. முப்பத்தெட்டு வருடம் இந்த மாவட்டத்துச் சாலைகளை அளந்து சம்பளம் வாங்கியவன் நான். கெத்தின் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, ஊர் ரோட்டையெல்லாம் அளந்தியே, உன் வீட்டுக் கதவ அளக்கலையாய்யா என்றான். பலகை அடித்துக் கொடுத்த தச்சன் நீதானே, நீயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். பலகை கேட்ட, பலகை குடுத்தேன், புத்தி கேட்டிருந்தா அதையும் குடுத்திருப்பேன் என்றான். ஆக அறுப்பதைத் தவிர வழியில்லை. என் புது அறையின் ஜன்னல் மேடை நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். இந்த முறை மூன்று தடவை அளந்தேன். இருபத்திரண்டில் எந்த நான்கு என்பதுதான் கேள்வி, மிச்சத்தைப் பொம்மை ரயில் சங்கத்தார் ஈஸ்டர் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

எனக்கும் அம்மாவுக்கும் இருந்த ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். தண்டவாளத்துக்கு இருபுறமும் இரண்டு விரல் அகலம் என் ராஜ்யம், அதற்கப்பால் எல்லாம் அவளுடையது. என் இரண்டு விரலுக்குள் எல்லாம் ஒழுங்கு, சிக்னல் கம்பத்தின் உயரம்கூடச் சரியாக இருக்கும். அவள் பக்கம் பத்தொன்பது பேர் வாழும் ஊருக்கு மூன்று தேவாலயம், கடலே இல்லாத இடத்தில் கலங்கரை விளக்கம், தேநீர்க் கெண்டி வடிவில் சிக்னல்காரர் வீடு, ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வந்த நிலைய அதிகாரிக்கு ஒரு சிலை. முதலில் பாலம் கட்டி, அது அழகாக வந்துவிட்டதால் அதற்காக ஓர் ஆற்றைப் பிறகு கொண்டுவந்தாள். உழுத நிலத்துக்கு ஊறிப்போன தேயிலையை அடுப்புத் தட்டில் உலர்த்தித் தூவுவாள், அதற்காகவே வருகிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றினாள், ஒல்வென் சித்தி குடித்தது மட்டும் இரண்டு வயல் தேறும். அந்தக் கோடியில் அவள் எழுப்பிய குன்றுதான் எங்கள் தகராறு. கோழிவலையும் பழைய செய்தித்தாளும் சுண்ணமும் வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்தாள், உச்சியில் பென்மோல் என்று பெயர்ப்பலகை, நடைமேடை, விளக்கு, பெஞ்சு, பெட்டி படுக்கையோடு ஐந்து பயணிகள். பிறகு என்னைக் கூப்பிட்டு, இங்கே பாதை போடு என்றாள். நான் அளந்து பார்த்தேன், ஆறடிக்கு ஓரடி ஏற்றம், எந்த இன்ஜினும் ஏறாது, தண்டவாளம் இல்லாத இடத்தில் நடைமேடை கட்டுவது எந்த விதியிலும் இல்லை என்றேன். தண்டவாளம் எப்ப வேணாலும் வரட்டும் இத்ரிஸ், ஜனங்களை மொதல்ல ஒழுங்கா உக்கார வெக்கணும் என்றாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். நீ கப்பலேறிய வருடம் ஆறாவதாக ஒருத்தி வந்தாள், கட்டைவிரல் நக உயரம், உன்னுடையது போலவே பச்சைக் கோட்டு, கையில் பெட்டி. யாரென்று கேட்கத் தேவையில்லை, போகிறாளா வருகிறாளா என்று மட்டும் கேட்டேன். ரயிலே வராத ஊர்ல அதை யாரு கேக்கப் போறா என்று சொல்லிவிட்டுப் பசையை மூடினாள்.

இதை உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் அவள் மாடி ஏற முடியாமல் கீழே முன்னறையில் படுத்துவிட்ட பிறகு ஒருநாள், இந்தக் குளிர்காலத்துலயாவது அதப் போட்டுடேன் என்றாள். எதை என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் மறுபடி அளந்து, கீழே இறங்கி வந்து, ஆறரைக்கு ஒன்று, சுண்ணம் கொஞ்சம் அமர்ந்திருக்கிறது, அப்படியும் ஏறாது என்று அறிக்கை சமர்ப்பித்தேன். பரவால்லையே, முப்பது வருஷத்துல அது அரையடி எறங்கி வந்திருக்கு, உனக்கில்லாத மனசு அதுக்கிருக்கு என்று சிரித்தாள். அதன் பிறகு கேட்கவில்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதி போய்விட்டாள். அவள் கேட்டது ஒரு முழத் தண்டவாளம், நான் கொடுத்தது ஒரு எண்.

அறுக்கும் நாளில் கெத்தின் காதில் பென்சிலோடு வந்து, கேட்காமலேயே பெரிய நிலையத்தையும் இன்ஜின் கொட்டகையையும் சுற்றிக் கோடு போட்டுவிட்டான். இதான்யா உயிரு, இத எடுத்துக்க என்றான். நான் குன்றைக் காட்டினேன். அதுல தண்டவாளமே இல்லியே, ரயில்காரன் வீட்ல ரயில் இல்லாத துண்ட வெச்சு என்னத்தப் பண்ணுவ என்றான். ஒல்வென் சித்தி தட்டில் தேநீரோடு உள்ளே வந்தவள், கெத்தின், அவர் காட்டின எடத்துல அறு, வாய வெச்சு அறுக்காத என்றாள். அவன் கோட்டை அழித்தான். இரண்டாவது தேவாலயம் சரிபாதியாகப் போயிற்று, கெண்டி வீடு தப்பியது. முடிந்த பிறகு சித்தி கோப்பைகளைக் கழுவப் போனாள். நான் சமையலறைக்குப் போனபோது ஊறிய தேயிலையை எப்போதும் போல அடுப்புத் தட்டில் பரப்பி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது குன்று என் ஜன்னலில் இருக்கிறது, பின்னால் நிஜ மழை. வந்த வாரமே பாதை போட்டேன், வளைத்து வளைத்துப் பதினேழு அங்குலம், கணக்குப் பார்க்கவில்லை. ஒரு ரயில் பெட்டி மட்டும் என்னிடம் இருந்தது, இன்ஜினெல்லாம் சங்கத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டியை அடியில் வைத்து ஒரு விரலால் தள்ளினேன். ஏறியது மாரெட். ஒரு தடங்கலும் இல்லாமல் பென்மோல் வரை ஏறி நின்றது. முப்பது வருடம் எந்த இன்ஜின் ஏறும் என்று யோசித்தேனே தவிர, கையில் விரல் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. உன் ஊர்ப் பக்கம் நிஜமான குறும்பாதை ரயில் ஓடுகிறதே, எப்போதாவது போனால் அந்த ஓட்டுநரிடம் இதைச் சொல்லாதே, சிரிப்பார்.

எலினுக்குக் காது மூடும்படி குல்லாய் போடு, காதில் காற்றுப் புகுந்தால் உனக்கு வந்தது போலவே வரும். மாப்பிள்ளையை அவர் அம்மாவோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசித் தீர்க்கச் சொல். அறுக்கும்போது பலகை அதிர்ந்தும் பென்மோலில் ஐந்து பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், பச்சைக் கோட்டுக்காரி மட்டும் கழன்று விழுந்துவிட்டாள். மரத்தூளில் தேடி எடுத்தேன், கையிலிருந்த பெட்டிகூட உடையவில்லை, தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்திருக்கிறேன். நடைமேடையில் அவள் காலின் ஓட்டை இருக்கிறது, ஆனால் அவள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. என் இரண்டு விரலுக்கு அப்பால் இருந்ததால் நான் பார்க்கவே இல்லை. எண்பத்தெட்டில் நீ வந்திருந்தபோது அவளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நீயும் அம்மாவும் சிரித்தீர்கள், எனக்குச் சொல்லவில்லை. ரயில் வராத ஊர் என்றால் போகிறாளா வருகிறாளா என்று யாரும் கேட்கப் போவதில்லை. இப்போது ரயில் வந்துவிட்டது. மறக்காமல் எழுது, அதுவரை பசையைத் திறக்க மாட்டேன்.

உங்கள் மூவர் தலைமேலும் என் கையும், இல்லாதவளுடைய கையும்.

அப்பா
இத்ரிஸ்