ஆபீஸ் பஸ்ஸில் தினம் ஒரு சண்டை

சார்,

இன்று காலை காலண்டர் தாளைக் கிழித்தேன். செப்டம்பர் பத்து. கிழித்த தாளோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கிக் கருகிய வாடை வந்த பிறகுதான் எழுந்தேன். ரிடையர் ஆகி வீட்டில் இருப்பவளுக்குத் தேதி எதற்கு? ஆனாலும் இந்தத் தேதியைப் பார்த்தால் உங்கள் குரல் காதில் விழாமல் போவதில்லை. "ஏம்மா, இன்னிக்கு இன்னா நாள் தெரியுமா?"

செங்கல்பட்டிலிருந்து கடலோரத்தில் இருந்த நம் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை வருஷம் கேட்டேன் அந்தக் கேள்வியை! முன் சீட்டு உங்களுடையது, அதற்குப் பின் சீட்டு என்னுடையது. தூங்கலாம் என்று கண்ணை மூடுவேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிய ஆரம்பித்ததும் டிரைவர் கன்னியப்பன் பாட்டை நிறுத்தி, வண்டியையும் மெதுவாக்கிவிடுவார். "மலை வந்துகினு கீது, எய்ந்திருங்க சார். இன்னிக்கு எவன் எவன அடிச்சான்?" நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அந்தத் தேதியில் உலகத்தில் எங்கெங்கே சண்டை நடந்தது என்று சொல்வீர்கள். ஆபீஸ் லைப்ரரியில் வேலை. துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் உங்களிடம் சண்டை கைவசம் இருந்தது.

பொங்கலன்றுதான் மூன்றாவது பானிபட் யுத்தம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து பஸ்ஸில் உங்களுக்குப் பானிபட்டு சார் என்றே பெயர். பொங்கலுக்குப் பஸ் கிடையாது என்று போகியன்றே சொல்லி முடித்துவிடுவீர்கள். சண்டை ஆறிப்போகக் கூடாதாம்.

இருந்தாலும் செப்டம்பர் பத்துதான் உங்கள் செல்லப்பிள்ளை. ஆயிரத்து எழுநூற்று எண்பதில் அன்றைக்குத்தான் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் மைசூர்ப் படை வெள்ளைக்காரனைத் துவைத்து எடுத்தது. உதவிக்குப் போகாமல் காஞ்சிபுரத்தில் நின்ற இன்னொரு வெள்ளைக்காரப் படை, இழுக்க முடியாத பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு ஓடியது. "எங்க ஓடினான்? நம்ம செங்கல்பட்டுக்கும்மா!" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வீர்கள், நீங்களே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. அதே நாளில், ஆயிரத்து எண்ணூற்றுப் பதிமூன்றில், அமெரிக்காவில் ஒரு ஏரியில் கப்பல் சண்டை. அதே நாளில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், பஞ்சாப் வயல் சேற்றில் எதிரியின் டாங்கிகள் சிக்கிக்கொண்ட அசல் உத்தர் சண்டை. மூன்று நூற்றாண்டையும் ஒரே தேதியில் கோத்துக் கொடுப்பதில் உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு அலுப்பாக இருக்கும். ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன், "வருஷத்துல ஒரு நாளாவது இவனுங்க லீவு விட்டிருக்கக் கூடாதா சார்?" பஸ்ஸே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்காமல் யோசித்தீர்கள். "இருக்கும்மா. தேடிப் பாக்கறேன்." தேடினீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் மகன் சேகர் பட்டாளத்தில் சேர்ந்தபோது பஸ் முழுக்க லட்டு கொடுத்தீர்கள். கருங்குழிப் பக்கத்துப் பையன் பாபுவும் அவனும் பட்டாளத்துக்கு ஆளெடுத்த ஒரே முகாமில் தேறியவர்கள், ஒரே படைப்பிரிவு. அப்போதே உங்கள் வீட்டம்மா, "உங்க கதையைக் கேட்டுத்தான் புள்ள போறான், பாத்துக்கங்க" என்று சொன்னதாக நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். கார்கில் சண்டை வந்தபோது அந்தச் சிரிப்பு போயிற்று. மலை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டீர்கள். கன்னியப்பனும் கேட்க மாட்டார், பாட்டையும் போட மாட்டார். அந்தக் கோடை முழுக்க பஸ் ஊமையாகப் போய் ஊமையாக வந்தது.

சேகர் உயிரோடு வந்துவிட்டான். பாபு வரவில்லை. லீவில் வந்த மகன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், வாய் மட்டும் திறப்பதில்லை என்றீர்கள். "என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்றான்மா. என்னாலதான் போனேன்னு நினைக்கறானோ?" அதைக் கேட்டபோது உங்களுக்கு ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷம் செப்டம்பர் பத்தன்று, கடலைப் பார்த்தால் பேசுவான் என்று அவனைப் பஸ்ஸில் அழைத்து வந்தீர்கள். ஏறினவர்களெல்லாம் கைகொடுத்தார்கள். கன்னியப்பன் மாலையே வாங்கி வைத்திருந்தார். மலை தெரிந்தது, வண்டி மெதுவானது, பல மாதம் கழித்து நீங்கள் எழுந்து நின்றீர்கள். புள்ளலூரை அன்று சொன்ன மாதிரி என்றைக்குமே சொன்னதில்லை. சொல்லி முடித்து மகன் பக்கம் திரும்பினீர்கள். நீங்கள் கேட்கும் முன்னே பஸ்ஸே கேட்டது, "தம்பி, உங்க நாள் எது? தேதியச் சொல்லுப்பா, வருஷா வருஷம் சார் சொல்வாரு." நாங்கள் மரியாதை என்று நினைத்துத்தான் கேட்டோம்.

மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான். "தேதியெல்லாம் தெரியாதுண்ணா. அங்க எவன் காலண்டரு பாத்தான்? இருட்டுல ஏறினோம், விடிஞ்சிது. பாபு எய்ந்துக்கல. தேதி வேணும்னா அவங்க அம்மாவத்தான் கேக்கணும்."

நீங்கள் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு பஸ்ஸில் சண்டை சொல்லவே இல்லை.

ஆனால் மகன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அந்தம்மாவைக் கேட்கப் போனீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைக் கும்பிடலாம். கருங்குழி இறங்கி உள்ளே நடந்து போனீர்களாம். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தேதி தெரியவில்லை. ஆனி மாதம், பௌர்ணமிக்கு முந்தின துவாதசி. திதி பார்த்துத்தான் பிள்ளைக்குப் படைப்பேன் என்றாராம். மறுநாள் பஸ்ஸில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஆற்றாமையோடு சொன்னீர்கள், "திதின்னா வருஷா வருஷம் தேதி மாறும்மா. என் கணக்குல அடங்கவே மாட்டேங்குது." அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆனி பிறந்ததும் ஆளனுப்பிக் கேட்பீர்கள், இந்த வருஷம் எந்த நாள் வருகிறது என்று; அன்றைக்குப் படையலுக்குப் போய்விடுவீர்கள். நாளெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் இந்த ஒரு நாளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டீர்கள்.

முதல் தெவசத்துக்குச் சேகரும் லீவு போட்டு வந்து உங்களோடு போனான். மறுநாள் பஸ் ஏறும்போதே உங்கள் முகம் வேறாக இருந்தது. "பேசினான்மா. வர்ற வழியெல்லாம் பேசினான்." என்ன பேசினான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எதையும் மறைக்கத் தெரியாத வாய், அதை மட்டும் கடைசிவரை மூடியே வைத்திருந்தது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷ ஆனியில் சேகர் போன் செய்தான். "அக்கா, அப்பா இல்லாம தனியாப் போவ மனசு வரல. கூட வர்றீங்களா?" போனேன். பாபுவின் அம்மா இரண்டு இலை போட்டிருந்தார். எதற்கு இரண்டு என்று நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "அந்த மனுசனுக்கும் இன்னிக்கேதான் போடறேன். தேதி கேக்க வந்த அந்த ஒரு தடவைய விட்டா, வேற நாள்ல அவரு இங்க வந்ததில்லியே" என்றார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சேகரிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு அப்பாவிடம் என்னப்பா அவ்வளவு பேசினாய் என்று.

"நான் இன்னாக்கா பேசினேன்? அவர்தான் கேட்டாரு. 'பயமா இருந்துச்சாடா?'ன்னாரு. ஆமாம்பான்னேன். வூட்ல ஒருத்தரும் அதக் கேக்கல. வந்தவன்லாம் எத்தினி பேர அடிச்சேன்னுதான் கேட்டான். அவரு கேட்டதும் மீதியெல்லாம் தானா வந்துடுச்சி."

எத்தனை நூற்றாண்டுச் சண்டையைச் சொன்னீர்கள் சார்! எவன் ஜெயித்தான், எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் ஓடினான், எல்லாம் சொன்னீர்கள். யாருக்குப் பயமாக இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. புத்தகத்தில் அது இருந்திருக்காது. அந்த ஒன்றைக் கேட்க வேண்டிய பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

உங்கள் தேதிகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் கூடவே இருக்கிறது. போன மாதம் என் மகள் நாவலூர் ஆபீசிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். அங்கே ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வாரமாக வீட்டில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை கிடையாது. இது போனால் இன்னொன்று கிடைக்கும், படிச்ச பிள்ளைக்கு என்ன குறை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பயமா இருக்காடி?"

"ஆமாம்மா."

"எனக்கும்தான்" என்றேன். அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள் சார்.